கராய் குடும்பத்துக்கு நான் கொடுத்த தாத்தா

போன மாதம் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சரித்திரப் பாடத்திட்டம் மறுபடியும் மாறுகிறதாம், பழைய ஆள் ஒருவர் நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்குமாம். சொன்னேன். முடிந்ததும் ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "சார், இத்தன வருஷத்துல நீங்க எதையாவது தப்பா சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் பதறிப்போய், "கேள்விய கொஞ்சம் மாத்திக் கேளும்மா" என்றார். மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். ஓய்வு பெற்று நான்கு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அன்று நேரமில்லாமல் இரண்டே வரியில் பதில் சொல்லிவிட்டு இறங்கினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியரானதில் பெரிய கதை எதுவும் இல்லை. வாரநாளில் பள்ளியில் பாடம், வார இறுதியில் பயிற்சி வகுப்பு, மூன்று வருடம் கழித்து ஆசிரியர் சான்றிதழ் என்று ஒரு தாள். அந்தத் தாள் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அடுத்த வருடமே மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பெரியவர்களுக்காக நடந்த வகுப்பில் சரித்திரம் எடுக்கச் சேர்ந்தேன். சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வகுப்பு. பத்தொன்பது பேர் படித்தார்கள். கஸ்டம்ஸ் கிளார்க், தபால்காரர், தமிழ்ப்பள்ளியில் பயிற்சி இல்லாமல் வேலை பார்த்த இரண்டு பெண்கள், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்று கலவையான கூட்டம். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். எல்லாரும் என்னை சார் என்றார்கள். எனக்கு அது கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் அது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். காலியாகும் நாற்காலிகளில் உள்ளூர் ஆட்கள் உட்காரலாம், ஆனால் கையில் கேம்பிரிட்ஜ் சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பேரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். வந்தவர்களுக்கு நான் நடத்தியதோ ஹங்கேரி. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரக் கூட்டம், மேல்மாடியில் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஹங்கேரி என்று தபால்காரர் என்னைக் கிண்டல் செய்வார். காரணம் சாதாரணமானது. ஊரைவிட்டுப் போன ஒரு பாதிரியார் எங்களுக்கு விட்டுச்சென்ற பெட்டியில் ஒரே புத்தகத்தின் இருபது பிரதிகள் இருந்தன. இடைக்கால ஐரோப்பா. வேறு புத்தகம் வாங்க வழியில்லை. ஆகவே பரீட்சையில் அந்தத் தாளையே எடுத்தோம்.

அந்தப் புத்தகத்தில் ஹங்கேரிக்கு ஓர் அத்தியாயம், அதில் கராய் என்ற பிரபு குடும்பத்துக்கு ஒன்றரைப் பக்கம். அரசருக்கு அடுத்த நிலையில் பலட்டின் என்று ஒரு பதவி அங்கே உண்டு. அரசர் ஊரில் இல்லாவிட்டால் நாட்டைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். நம் மலாக்கா சுல்தான் காலத்துப் பெண்டஹாரா மாதிரி என்று சொன்னதும் வகுப்பில் எல்லாருக்கும் பிடிபட்டது. இந்தக் கராய் குடும்பத்தில் ஒருவர் பலட்டினாக இருந்தார். ராணியும் ராணியின் தாயும் வண்டியில் போகும்போது எதிரிகள் மறித்தார்கள். இவர் அந்த வண்டியின் பக்கத்திலேயே நின்று சண்டையிட்டுச் செத்தார். பிறகு அதே குடும்பத்தில் அதே பெயருள்ள இன்னொருவர் பலட்டினாகி முப்பது வருடம் பதவியில் இருந்தார். புத்தகம் முதல் ஆளை மூத்தவர் என்றும் அடுத்த ஆளை இளையவர் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது.

ஒரே பெயர். மூத்தவர், இளையவர். நான் யோசிக்கவே இல்லை. தாத்தா, பேரன் என்று குறிப்பில் எழுதினேன். நம்மில் எந்த அப்பன் தன் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறான்? தாத்தா பெயர் பேரனுக்குத்தான் போகும். எனக்கே என் தாத்தாவின் பெயர்தான். அதோடு விட்டேனா என்றால், இல்லை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் ஓர் அப்பா இருக்க வேண்டுமே, அவர் எங்கே போனார் என்ற கேள்வி வந்தது. புத்தகத்தில் அவர் இல்லாததால், "இடையில் ஒரு தலைமுறை இக்குடும்பம் செல்வாக்கை இழந்திருந்தது" என்று ஒரு வரியை நானே சேர்த்தேன். அதற்குப் பிறகு ஏழு வரிகளில் பேரன் எப்படி இழந்ததை மீட்டான் என்று விளக்கமும் கொடுத்தேன். எழுதியபோது நன்றாக எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குறிப்புகள் எல்லாம் கனகசபை மாஸ்டர் கைவழியாகத்தான் போக வேண்டும். அவர்தான் வகுப்பின் பொறுப்பாளர், பரீட்சை மேற்பார்வையாளரும் அவரே. யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்த மாட்டார். ஸ்டென்சில் தாளைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் கண்ணாடியை வேட்டி முனையில் துடைப்பார். ஜன்னல் பக்கம் திரும்பித் தாளை வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையாமல் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணை ஓரத்தில் நான் பென்சிலால் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், "இது எங்கே இருந்து வந்தது, தம்பி?" என்பார். அதைவிடக் கடுமையாக அவர் ஒன்றும் சொல்லி நான் கேட்டதில்லை, அதுவே எனக்குப் போதும். திருப்தியானால் தாளின் அடியில் "பார்த்தேன்" என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு சொல் இல்லாமல் எந்த ஸ்டென்சிலும் நகலெடுக்கும் உருளையில் ஏறாது. நான் சேர்த்த அந்த ஒரு தலைமுறை வரிக்குப் பக்க எண் இல்லை. அவரும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் பிறந்தவர்தானே. அன்று மட்டும் கேட்காமல் "பார்த்தேன்" போட்டுவிட்டார்.

மாரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாக்கா ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண் கட்டுகிற வேலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மரத்தைக் கீறிப் பால் வெட்டி, பிறகு தோட்டத்து மருந்துக் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கிருந்து டவுனுக்கு வந்தவர். மற்ற பாடங்களை முடித்துவிட்டார், சரித்திரத்தில் இரண்டு முறை தோற்றிருந்தார். ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் வேலைக்கு நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் அவருக்கு நாற்பது. இந்த முறை போனால் போனதுதான்.

அவர் படிக்கும் விதம் ஒன்றே ஒன்று, மனப்பாடம். ஆங்கிலக் குறிப்பை வரி வரியாக எண் போட்டு வைத்துக்கொள்வார். பணி நேரத்தில் துணிக்கட்டுச் சுருட்டும்போது ஒரு கட்டுக்கு ஒரு வரி. முதல் வரியைத் தொட்டுவிட்டால் கடைசி வரி வரைக்கும் பிசகாமல் வரும். நடுவில் நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம் மாரிமுத்து?" என்று கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்துதான் வருவார். போன இரண்டு பரீட்சையிலும் கேள்வி கொஞ்சம் வளைந்து வந்தது, இவர் நேராக எழுதித் தோற்றார். இந்த முறை கராய் குடும்பத்தைத்தான் அவர் பெரிதாக நம்பியிருந்தார்.

பரீட்சை திங்கட்கிழமை காலை. முதல் நாள் ஞாயிறு வகுப்புக்கு விடுமுறை விட்டிருந்ததால் சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு. எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிவிட்டு, கேள்வி உண்டா என்றேன். கஸ்டம்ஸ் கிளார்க் லூயிஸ் கை தூக்கினார். போர்த்துகீசிய வம்சாவளியினர் குடியிருக்கும் கம்பத்துக்காரர். "சார், இளையவர் பேரன் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரே பெயர் என்பதால்தான்" என்றேன்.

"எனக்கும் என் அப்பாவுக்கும் ஒரே பெயர். வீட்டுக்கு வரும் கடிதத்தில் அவருக்கு மூத்தவர் என்று எழுதுவார்கள், எனக்கு இளையவர் என்று எழுதுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வகுப்பை முடித்த கையோடு சைக்கிளை மிதித்துப் பண்டார் ஹிலிரில் இருந்த வேறொரு பாதிரியார் வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஐரோப்பிய சரித்திரத்தில் தடியான புத்தகம் ஒன்று உண்டு. நின்றுகொண்டே புரட்டினேன். வண்டியின் பக்கத்தில் செத்தவர் அப்பா. முப்பது வருடம் பதவியில் இருந்தவர் மகன். நடுவில் யாரும் இல்லை. செல்வாக்கு ஒரு தலைமுறை அல்ல, ஒரு நாள்கூட முழுதாக அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. பேரன் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார், அவரும் பின்னால் பலட்டின் ஆனார், அவருக்கு வேறு பெயர். என் எட்டு வரியும் குப்பை.

ஞாயிறு காலை கனகசபை மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே போய் ஸ்டென்சில் கோப்பை எடுத்துவந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தார். தன் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர கையெழுத்தும் கிடக்குது. பிழை உம்மட மட்டும் இல்லை" என்றார். பிறகு, "இண்டைக்கே எல்லாருக்கும் போய்ச் சொல்லும். மாரிமுத்துவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம்."

"ஏன் மாஸ்டர்?"

"அவர் விளங்கிப் படிக்கிற ஆள் இல்லை, தம்பி. பிழையாய் எழுதினால் அந்த ஒரு கேள்வியிலதான் மார்க்ஸ் குறையும். நீர் இண்டைக்குப் போய் நடுவில ஒரு வரியை உருவினால் அந்த மனுசன் முழுக்கக் குழம்பிப் போவார். நாளைக்கு ஒண்டும் எழுத மாட்டார். அவருக்கு இதுதான் கடைசித் தரம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் நான் அதை மறுக்க மாட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வழியில் லூயிஸைக் கூட்டிக்கொண்டு பெயர்ப் பட்டியலைப் பாதியாகப் பிரித்தோம். அவர் பாதி, நான் பாதி. மாரிமுத்துவின் பெயர் இருந்த துண்டைப் பட்டியலில் இருந்து கிழித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குள் பதினெட்டுப் பேருக்கும் சொல்லியாகிவிட்டது. தபால்காரர் சிரித்தார், ஒரு டீச்சர் அழுதார், ஆனால் எல்லாரும் பென்சிலால் அடித்துத் திருத்திக்கொண்டார்கள்.

பிறகு காஜா பேராங் சாலையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போக இடப்பக்கம், ஆஸ்பத்திரிக்கு வலப்பக்கம். மார்க்ஸ் கணக்கில் பார்த்தால் மாஸ்டர் சொன்னதுதான் சரி. ஆனால் பதினெட்டுப் பேரை உண்மையைத் தாங்கக்கூடியவர்கள் என்றும், ஒருவரை மட்டும் தாங்க மாட்டார் என்றும் முடிவு கட்ட நான் யார்? அந்த மனுஷர் என்னை நம்பி மூன்று மாதம் என் பொய்யைச் சுமந்திருக்கிறார். அதை அவர் கையாலேயே பரீட்சைத் தாளில் எழுதவைத்துவிட்டு நான் சும்மா இருந்தால், அதற்குப் பிறகு அந்த மாடிப்படி ஏற எனக்குத் தகுதியில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வலப்பக்கம் திரும்பினேன்.

வார்டுக்குப் பின்னால் புண்துணி தயார் செய்யும் அறையில் அவர் தனியாக இருந்தார். மேசைமேல் வெட்டிய காஸ் துணி, பக்கத்தில் கிருமி சாக ஆவியில் வைக்கப்போகிற தகர டிரம். நாலாக மடித்து அடுக்கிக்கொண்டே வாய்க்குள் வரி ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சார். சாப்டீங்களா? ஒன்பதாவது வரில நிக்கிறேன், இருங்க."

"மாரிமுத்து, பத்தாவது வரி தப்பு."

அவர் கை நின்றது. லூயிஸ் கேட்டதையும் நான் படித்ததையும் சொன்னேன். தாத்தா இல்லை, அப்பா. நடுவில் ஒரு தலைமுறை போகவில்லை. தப்பு என்னுடையது. அவர் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பது வரை வந்தார். பத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து வந்தார், மறுபடி பத்தில் நின்றார். ஐந்தாவது தடவை ஆறாவது வரியிலேயே தட்டிப்போனது. மாஸ்டர் சொன்னபடியே நடந்தது.

துணியை மேசையில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூணு மாசம் சார். தூக்கத்துலகூட இதத்தான் சொல்றேன்னு என் சம்சாரம் சொல்லுது. சொல்லாமயே விட்டிருக்கலாம்ல?"

"விட்டிருக்கலாம். மாஸ்டர் அப்படித்தான் சொன்னாரு."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"நீங்க என்ன நம்பி எழுதுவீங்க மாரிமுத்து. அது எனக்குப் பொறுக்கல."

மேசையில் போட்ட துணியின் ஓரத்தை விரலால் நேராக்கினார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்த வண்டிகிட்ட செத்தது, அவனோட அப்பாவா?"

"ஆமா."

"அப்பா செத்த இடத்துக்கு மவன் வந்து நின்னானா?"

"ஆமா. கொஞ்ச வருஷத்துலயே பெரிய பதவியில நின்னான்."

"எங்கப்பா தோட்டத்துல மரம் விழுந்து செத்தாரு சார். எனக்குப் பதினாலு. மறுநாள் காலைல கங்காணி அப்பாவோட பால் வாளிய எங்கைல குடுத்தாரு. அப்பா பால் வெட்டுன அதே மர நெரதான் எனக்கும். அவனுக்குப் பயமா இருந்திருக்குமே."

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. தெரியாது என்றேன். பாடத்தைப் பற்றி மாரிமுத்து என்னிடம் கேள்வி கேட்பது அன்றுதான் முதல் தடவை என்று அப்போது உறைத்தது. பிறகு அவர் நிறுத்தவில்லை. குறிப்பில் பின்னால் பிரபுக்கள் சேர்ந்து, ராணியை மணந்த ராஜாவையே பிடித்து அடைத்ததாக வருகிறதே, அப்போது இவன் எந்தப் பக்கம் என்றார். ராஜாவைத் தன் கோட்டையிலேயே காவலில் வைத்துக்கொண்டான், பிறகு ராஜாவை வெளியே விடுவதற்காகத் தன் மகனையும் தம்பியையும் மற்றப் பிரபுக்களிடம் பிணையாகக் கொடுத்தான் என்றேன்.

"பெத்த புள்ளையவா?"

"ஆமா."

மாரிமுத்து காஸ் துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். மெதுவாக மடித்தார். "அப்ப அதுதான் சார் சங்கதி. அப்பா ராணிக்காகச் செத்தாரு. மவன் ராஜாவுக்காகப் புள்ளையவே குடுத்தான். அந்த ராஜா வேற யார நம்புவான்? முப்பது வருஷம் என்ன, உசுரு இருக்கற வர இவனத்தான் கூட வச்சிருப்பான். செல்வாக்குன்னா அதான?"

அதுதான். ஒன்றரைப் பக்கத்தில் புத்தகம் சொல்ல வந்ததும், நான் எட்டு வரியில் கெடுத்ததும் அதுதான். நடுவில் ஓர் ஆளை நுழைத்து அப்பனையும் மகனையும் பிரித்துவிட்டேன். அந்தக் கதையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனதால்தான் இந்த மனுஷர் அதை எண் போட்டு உருட்ட வேண்டியிருந்தது. அதை அவரிடமே சொன்னேன். "நீங்க அப்பவே ஒழுங்கா சொல்லியிருந்தா எனக்கு மூணு மாசம் மிச்சம் சார்" என்றார். அவர் குரலில் கோபம் இன்னும் பாக்கி இருந்தது, இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

திங்கள் காலை கனகசபை மாஸ்டர் வழக்கம்போல் வானொலி மணியடிக்கும்போது கடிகாரத்தைச் சரிசெய்தார். முத்திரை வைத்த உறையை முன்வரிசையில் இருவரிடம் காட்டி, உடையவில்லை என்று கையெழுத்து வாங்கி, பிறகே கத்தரியை வைத்தார். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். மூன்று மணி நேரமும் உட்காரவில்லை.

மாரிமுத்து கடைசி ஆளாக வந்தார். விரலெல்லாம் மை.

"கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு சார். ஒரு பிரபு குடும்பம் ராஜாமேல எப்படிச் செல்வாக்கு வச்சிருந்துச்சுன்னு."

"எழுதுனீங்களா?"

"ஒரு வரிகூட ஞாபகம் வரல சார்." அவர் நிதானமாகக் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். "நடந்தத எழுதிட்டு வந்திருக்கேன்."

அடுத்த வருடத் தொடக்கத்தில் முடிவு வந்தது. சரித்திரத்தில் கிரெடிட், வெறும் பாஸுக்கு ஒரு படி மேல். வேலைக் கடிதம் அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னால் கைக்குக் கிடைத்தது. நான் மாஸ்டரிடம் போய், நீங்கள் வேண்டாம் என்றதை மீறிச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பழைய தாளைக் கோப்பிலிருந்து எடுத்து, தன் "பார்த்தேன்" என்பதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, "பார்க்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டு அதே கோப்பில் வைத்தார். கிழித்துப் போட்டிருக்கலாம். அந்த மனிதர் அப்படிச் செய்பவரல்ல.

சில வருடம் கழித்து மாஸ்டருக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். கட்டு மாற்றும் நேரம். அது ஆளை அலறவைக்கிற வேலை. அசிஸ்டெண்டாகிவிட்ட மாரிமுத்து, வந்திருந்த டிரெஸ்ஸரை அனுப்பிவிட்டுத் தானே வந்து உட்கார்ந்தார். பழைய கட்டை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காத்திருந்தார். மாஸ்டர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"மாரிமுத்து, அந்தக் கராய் குடும்பத்தை ஒருக்காச் சொல்லும். நான் உமக்கு அதைச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னனான், தெரியுமோ?"

"தெரியும் மாஸ்டர். சார் அன்னைக்கே சொல்லிட்டாரு."

கையால் கட்டைப் பிரித்துக்கொண்டே, தமிழில், அவசரமில்லாமல், வண்டியிலிருந்து தொடங்கினார். அப்பா விழுந்தது, மகன் வந்து நின்றது, கோட்டையில் ராஜா, பிணையாகப் போன பிள்ளை, முப்பது வருடம். நடுவில் மாஸ்டர் இரண்டு இடத்தில் குறுக்கே கேள்வி கேட்டார். மாரிமுத்து முதலுக்குப் போகாமல் விட்ட இடத்திலிருந்தே பதில் சொல்லித் தொடர்ந்தார். கதை முடிந்தபோது புதுக் கட்டும் முடிந்திருந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் தேடினார், கைக்கு எட்டவில்லை. வெறும் கண்ணோடு மாரிமுத்துவை நேராகப் பார்த்து, "பார்த்தேன்" என்றார்.